தம்பி குடிப்பான் என்று நான் சொன்னது

தம்பிக்கு வந்திருப்பது இன்ன வியாதி என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து நான் மூன்று பரோட்டா தின்றேன். அதற்கு முந்தைய ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "ஏட்டி, கூடப்பொறந்தவனுக்குப் பெரிய வியாதின்னு சொல்லியிருக்காவ, நீ இன்னுங் கொஞ்சம் சால்னா கேக்கியே" என்றார். கேட்டால் என்ன? பெரிய வியாதிதான். ஆனால் பெயர் உள்ள வியாதி, மருந்து உள்ள வியாதி, எல்லாவற்றுக்கும் மேல் குடியால் வராத வியாதி. அந்தக் கடைசி விஷயம் எனக்கு எதற்கு அத்தனை முக்கியம் என்றால், அவன் குடிகாரன் என்று இதற்கு முன் பார்த்த டாக்டரிடம் சாட்சி சொன்னவளே நான்தான்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூருக்கு வந்தோம். அவர் பனியன் கம்பெனியில் டெய்லர், நான் இன்னொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவும் இருந்தால் பிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் பெட்டிக்குள் போகாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும், முடிவுகட்டிவிடுவேன்.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா காலமான பிறகு, அம்மாவை ஊரில் விட்டுவிட்டு அவனை என்னோடு அழைத்து வந்தேன். முதலில் நிட்டிங்கில் இருந்தான். இருபத்தொரு வயதில் சாயப்பட்டறைக்கு மாறினான். எங்கள் மூவருக்கும் மண்ணரையில் ஒரு லைன் வீடு. வரிசையாக எட்டு வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாயடி, முகப்பில் வீட்டுக்கார அம்மாவின் மாடிவீடு. ஒரே வீட்டில் இருந்தோமே தவிர அவனும் நானும் பார்த்துக்கொள்வது அபூர்வம். நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரிதான் வருவேன். அவனுக்கு நைட் ஷிப்ட். நான் வருவதற்குள் போய்விடுவான், நான் போன பிறகு வருவான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்ட் கிடையாது, சனிக்கிழமை மட்டும் அவனுக்குப் பகல் வேலை. சாயங்காலம் வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பட்டறையிலிருந்து நேரே வீட்டுக்கு வருவான். அன்றைக்கு எனக்கும் ஆறு மணிக்கே விட்டுவிடுவார்கள்.

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லைனில் எட்டு வீட்டில் ஐந்து வீட்டு ஆம்பளைகள் சம்பளத்தோடு ஒயின் ஷாப் போய்விட்டுத்தான் வருவார்கள். ஆகவே தம்பி மேல் முதன்முதலில் அந்தப் புளித்த வாடை அடித்தபோது எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"ஏலே, வாயை ஊது" என்றேன்.

ஊதினான். வாய் நாறவில்லை. சட்டைதான் நாறியது. சட்டையில் ஊற்றிக்கொள்ளும் அளவுக்குக் குடித்திருக்கிறான் என்று நான் முடிவுகட்டினேன்.

"எக்கா, அம்மா மேல சத்தியமா குடிக்கலக்கா."

"அம்மாவை எதுக்குலே சாகடிக்க? குடிச்சா குடிச்சேன்னு சொல்லு."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இதே கூத்து. அந்த வாடை தவறாமல் வந்தது. ஒரு வருடம் போனதும் கையும் நடுங்க ஆரம்பித்தது. டம்ளரை எடுத்தால் டீ தரையில் சிந்தும். பேச்சு குழறியது. மூன்று தடவை சைக்கிளிலிருந்து விழுந்தான். நடுங்குகிற கை, குழறுகிற நாக்கு, தள்ளாடுகிற நடை, மேலே புளித்த வாடை. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? வாய்க்கு வந்தபடி ஏசினேன். இரண்டு வருடம் ஏசியிருக்கிறேன். அவன் முதலில் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தான், பிறகு சொல்வதையும் விட்டுவிட்டான். வாயை மூடிக்கொண்டதையும் நான் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

அவனுக்கு இருபத்துமூன்று வயது நடந்தபோது, ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. மத்தியானம் சும்மா இருக்கும், சாயங்காலம் உடம்பு கொதிக்கும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். பட்டறையில் முதலுதவிப் பெட்டியிலும் அதே மாத்திரைதான், கேட்டால் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து என்று விழுங்கியிருக்கிறான். ஒரு வாரம் கழித்துப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். டைபாய்டு மாதிரி இருக்கிறது என்று ஊசி போட்டார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. மலேரியாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்து டிபியும் இல்லை என்றார்கள். மூன்று வாரம் ஆயிற்று. என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மூன்று வாரத்தில் அவன் உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் கைவசம் இருந்தது. கண் மஞ்சளாக இருக்கிறதே என்றால், சாயத் தண்ணீர் தெறித்திருக்கும். நகம் மஞ்சளாக இருக்கிறதே என்றால், சாயப்பட்டறையில் எவன் கை வெள்ளையாக இருக்கிறது? கணுக்கால் வீங்கியிருக்கிறதே என்றால், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கால் வீங்காதா? வயிறு உப்பியபோது, "தொந்தி போட்டுட்டான், எல்லாம் அந்தத் தண்ணிதான்" என்று நானே நக்கலடித்தேன். தண்ணீர்தான், ஆனால் நான் சொன்ன தண்ணி இல்லை.

கிளினிக்கில் கைவிரித்த பிறகு ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கூட்டிப்போனோம். வயிற்றை ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஈரல் ரொம்பச் சுருங்கிப்போச்சும்மா. வயித்துல தண்ணி கோத்திருக்கு. இந்த வயசுல இப்படிப் பாக்கறது கஷ்டம்" என்றார். அடுத்ததாக அவர், "குடிப்பாரா?" என்று கேட்டார்.

தம்பி திரைக்குப் பின்னால் காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தான். கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் மூச்சுகூட விடாமல், "குடிப்பான் சார். ரெண்டு வருசமா. சனிக்கிழமையானா தவறாது" என்றேன்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே சீட்டில் எழுதினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கூடப்பிறந்த அக்காவே சொல்லும்போது அவர் நம்பாமல் என்ன செய்வார்? கெட்டுப்போன ஈரல் இனி திரும்பாது, குடியை அடியோடு விட்டால் கொஞ்சம் நாளைத் தள்ளலாம், காய்ச்சலுக்கு மருந்து எழுதியிருக்கிறேன், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். வீடு வந்ததும் அந்த அழுகையெல்லாம் ஏச்சாக மாறி அவன் மேலேயே விழுந்தது. இருபத்துமூன்று வயதில் ஈரலைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாயே பாவி என்று கத்தினேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஏசிய கையோடு ஓடியாடிப் பார்க்கவும் செய்தேன். ஈரல் கெட்டவனுக்கு ஈரல் கொடுத்தால் ஊறும் என்று செக்கிங்கில் ஒருத்தி சொன்னாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே கறிக்கடையில் நின்று ஆட்டு ஈரல் வாங்கி, மிளகு தட்டிப்போட்டு வதக்கி ஊட்டிவிட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டியவனை அதட்டித் தின்ன வைத்தேன். நான்கு நாள் ஈரல் தின்றான். காய்ச்சல் இறங்கவில்லை, வயிறு இன்னும் பெரிதானது.

ஐந்தாம் நாள் காலை குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா குடத்தோடு வந்தார். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவோடு இருந்துவிட்டு இங்கே வீடு கட்டி வந்தவர், புருஷனை இழந்தவர். நாள் முழுக்க முன்வாசலில்தான் இருப்பார். குடத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார்.

"அம்மணி, நானொன்னு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க. தம்பி குடிக்கற ஆளாட்டத் தெரியலீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்குத் தெரியாதும்மா. சனிக்கிழமையானா கிட்ட நிக்க முடியாது, அப்படி நாறும்."

"சனிக்கெழமையா? ஏனுங்க, தெனமும் காத்தால வேலை முடிஞ்சு வர்றப்பவே அந்த வாசந்தானுங்களே. எங்கூட்டு வாசலைத் தாண்டித்தானுங்க தம்பி வருது. வந்தொடனே இந்தக் கொழாயடிலதான் சட்டையத் தொவைச்சுப் போட்டு, குளிச்சுப்போட்டுத்தான் படுக்கும். காத்தால எட்டரை மணிக்கு எவனுங்க கடையத் தொறந்து வெச்சிருக்கறான்?"

நான் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"எங்க ஊட்டுக்காரரு இருவத்தஞ்சு வருசம் குடிச்சுப்போட்டுத்தானுங்க போய்ச் சேந்தாரு. குடிச்ச மனுசன் வாசம் எனக்குத் தெரியாதுங்களா? இது பட்டறை ஆசிட்டுங்க அம்மணி. எந்தங்கச்சி பையன் சாயப்பட்டறை வெச்சிருக்கறான். அவன் வந்து உக்காந்துட்டுப் போனா எங்கூட்டு சோபாவே ரெண்டு நாளைக்கு இப்பிடித்தான் நாறுமுங்க."

இரண்டு வருடமாக அவன் வேலையிலிருந்து நேரே வந்து நிற்பதை நான் பார்த்தது சனிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் நான் வீட்டில் இல்லாதபோது அவன் வந்திருக்கிறான், நான் வருவதற்குள் சட்டை துவைத்துக் காய்ந்திருக்கிறது. சனிக்கிழமை மட்டும் நாறுகிறது என்று நான் கண்டுபிடித்ததாக நினைத்தேனே, நான் மோந்து பார்த்தது சனிக்கிழமை மட்டும் என்பதல்லவா உண்மை! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் என் புத்தி உடனே மடங்கவில்லை. நேரில் பார்க்காமல் விடுவதில்லை என்று அன்று மத்தியானமே பட்டறைக்குப் போனேன். பார்க்காமலேயே இரண்டு வருடம் ஏசியவளுக்கு அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பட்டறை மேஸ்திரி என்னை உள்ளே கூட்டிப்போனார். ஆவியும் சூடும் முகத்தில் அறைந்தன. மூலையில் நீல நிறக் கேன்கள் நின்றன. "அதென்னங்க?" என்று கேட்டேன். "அசிட்டிக் ஆசிட்டுங்க. சாயம் ஏத்தி முடிச்சதும் துணியில இருக்கற காரத்த எடுக்கறதுக்கு ஊத்தறது. உங்க தம்பிதானுங்க இத அளந்து ஊத்தும்" என்று மூடியைத் திறந்தார். அதே வாடை. சட்டையில், தலைமயிரில், நான் இரண்டு வருடமாக மோந்த அதே வாடை. மேஸ்திரி தானாகவே, "இங்க எல்லாப் பசங்களும் சம்பளம் வாங்குனா நேராக் கடைக்குத்தானுங்க. தம்பி மட்டும் ஒரு டீயக் குடிச்சுட்டு சைக்கிள எடுத்துரும். நல்லாருக்குதுங்களா இப்ப?" என்று கேட்டார். வெளியே வந்து ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த யோசனைதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. குடி இல்லை என்றால், ஈரல் எதனால் கெட்டது? நான் சொன்ன ஒரு வார்த்தையால் எல்லாரும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். வேறு ஏதோ ஒன்று உள்ளே இருந்து அவனைத் தின்றுகொண்டிருக்கிறது, நான் அதற்கு ஈரல் வறுத்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் விடிந்ததும் அவனைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றி, நானும் என் வீட்டுக்காரரும் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஈரலுக்கென்றே இருந்த டாக்டரம்மா பார்த்தார். நாற்பது வயது இருக்கும், குரலே உயராது. நர்ஸிங் ஹோம் சீட்டைப் படித்துவிட்டு, "குடிப்பழக்கம்னு எழுதியிருக்கே?" என்றார்.

"நான் சொன்னதும்மா அது. அவன் குடிச்சு நான் பாத்ததில்ல."

"பாக்காம எப்படிச் சொன்னீங்க?"

வாடையைச் சொன்னேன், சனிக்கிழமையைச் சொன்னேன், நடுங்குகிற கையையும் குழறுகிற பேச்சையும் சொன்னேன். வாடையைக் கேட்டபோது எழுதிக்கொண்டிருந்தவர், கை நடுக்கத்தைச் சொன்னதும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "எத்தனை மாசமா? காய்ச்சலுக்கு முன்னாடியிருந்தேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தம்பியை இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். விரலெல்லாம் படபடத்தன. ஒரு காகிதத்தில் பெயரை எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுத வாத்தியார் அவனைத்தான் கூப்பிடுவார், அப்படி ஒரு கையெழுத்து. அன்றைக்கு அவன் பெயரை அவனாலேயே படிக்க முடியாதபடி எழுதினான். பிறகு டாக்டரம்மா அவன் கண்ணில் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

"ஆமாம்மா. அம்மாவுக்கு அப்பா சொந்தத் தாய்மாமன்."

"கூடப்பொறந்தவங்க வேற யாராச்சும் சின்ன வயசுல...?"

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒருத்தன் இருந்தான். பதினொரு வயதில் காமாலை வந்து, வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தான். செய்வினை என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைச் சொன்னதும் டாக்டரம்மா என் கையை லேசாகத் தொட்டுவிட்டு, அன்றே படுக்கையில் சேர்க்கச் சொன்னார்.

முதலில் காய்ச்சலைப் பிடித்தார்கள். வயிற்றில் ஊசியைக் குத்திக் கொஞ்சம் தண்ணீர் எடுத்தார்கள், கலங்கலாக இருந்தது. கோத்திருந்த அந்தத் தண்ணீரிலேயே கிருமி புகுந்துவிட்டதாம், அதுதான் இத்தனை நாள் யாருக்கும் பிடிபடாத காய்ச்சல். காய்ச்சல் மாத்திரை எத்தனை போட்டான் என்று கேட்டார்கள். சொன்னதும், "ஈரல் கெட்டுக் கிடக்கறப்போ தினமும் இத்தனையா?" என்று நர்ஸ் எங்களைப் பார்த்த பார்வையில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். நான்காம் நாள் காலையில் அவன் நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. நம்பாமல் கழுத்தைத் தொட்டேன், பாதத்தைத் தொட்டேன். "என்னக்கா தடவுத, பீஸ் செக் பண்ணுதியா?" என்று குழறினான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. வராண்டாவுக்கு ஓடிப்போய் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் காய்ச்சல் விட்டுருச்சு, காய்ச்சல் விட்டுருச்சு என்று கத்தினேன்.

ஈரல் விஷயம் இன்னும் தெரியவில்லை. அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய், முகவாயை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். கண் டாக்டர் சின்ன வயசுக்காரர், சந்தோஷமாக எழுந்து, "நீங்களும் பாருங்க" என்று எனக்கு இடம் விட்டார். கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். துருப்பிடித்த ஆணி துணியில் விட்ட கறைமாதிரி, அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது. ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் என்று பெயரெடுத்தவள் நான். அவன் முகத்தைப் பார்த்து ஏசத்தான் எனக்கு நேரம் இருந்தது, கண்ணைப் பார்க்க நேரமில்லை.

கடைசியாக இருபத்துநாலு மணி நேர மூத்திரத்தையும் ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அவனுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. கேனைத் துண்டால் மூடிக்கொண்டு, வராண்டாவில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து நடந்தான். என் வீட்டுக்காரர் பின்னாலேயே காவலுக்குப் போனார். அந்த ரிப்போர்ட்டும் ரத்த ரிப்போர்ட்டும் வர ஐந்தாறு நாள் ஆகும் என்றார்கள். அந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கும்பிடாத சாமி இல்லை. குடியாக மட்டும் இருக்கக் கூடாது, வேறு எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் மருந்து இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயரைச் சொன்னார், எங்களுக்கு அது செம்பு வியாதி. "நாம சாப்பிடற சாப்பாட்டுல செம்பு துளியூண்டு இருக்கும். வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை ஈரல் வெளிய தள்ளிரும். இவருக்குப் பொறப்புலயே தள்ற வழி அடைபட்டிருக்கு. இத்தனை வருஷமா ஈரல்ல சேந்து, அப்புறம் மூளைக்குப் போய், கண்ணுல படிஞ்சிருக்கு. கை நடுக்கம், பேச்சு எல்லாமே அதனாலதான்."

"குடியால இல்லையேம்மா?"

"ஒரு சொட்டும் இல்லம்மா."

"ஆசிட்டால?"

"அதனாலயும் இல்ல. உடம்புல இருக்கற செம்பை இழுத்து மூத்திரத்துல வெளியேத்த மாத்திரை இருக்கு. ஈரல் நிறையக் கெட்டிருக்கு, அதை நான் மறைக்கல. ஆனா மாத்திரையை ஆயுசுக்கும் விடாமச் சாப்பிட்டா மேல கெடாமப் பாத்துக்கலாம், கொஞ்சம் தேறவும் தேறும். இன்னும் சில மாசம் விட்டிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க முடியாது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மா தின்னக் கூடாததைச் சொல்லிக்கொண்டே போனார். முந்திரி, சாக்லேட், காளான், கடலை. "முக்கியமா ஈரல். ஆட்டு ஈரல்ல செம்பு ரொம்ப ஜாஸ்தி, தொடவே கூடாது" என்றபோது நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். தம்பி மட்டும், "நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்" என்று முணுமுணுத்தான். கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்று எனக்கும் ரத்தம் எடுத்து, கண்ணைப் பார்த்தார்கள். எனக்கு இல்லை என்று வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே ஓட்டத்தில் நல்லபடியாகிவிடவில்லை. முதல் மாதம் நடுக்கம் கூடியது. அப்படிக் கூடும், பயப்படாதீர்கள் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் பிழைத்தோம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் வயிற்றில் போட வேண்டும், நேரம் தவறினால் நான் போன் போட்டு ஏசுவேன். தை மாதத்தில் வயிறு வற்றியது. சித்திரையில் கண்ணில் மஞ்சள் போனது. ஆடிக்குள் டீ சிந்தாமல் குடித்தான். பட்டறைக்குத் திரும்பப் போகவில்லை, எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்த்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம், "கண்ணு, மாத்தரை போட்டியா சாமி?" என்று என்னைவிடச் சத்தமாகக் கேட்பார்.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மறுநாள் செக்கப்புக்காக அவனுடைய பைலை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நர்ஸிங் ஹோம் சீட்டு கைக்கு வந்தது. டாக்டர் எழுதியிருந்த வரி அப்படியே இருந்தது. அதுவரை அவனிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. வாடை விஷயம் தெரியும், நான் தப்பாக நினைத்தேன் என்று தெரியும், அதற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் டாக்டரிடமே சொல்லி எழுத வைத்தவள் நான் என்பது அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"ஏலே, இந்தச் சீட்டுல குடிப்பான்னு எழுதியிருக்குல்லா, அத நாந்தான் சொன்னேன்."

"தெரியும்க்கா" என்றான், பேப்பரை இறக்காமலே. "நான் திரைக்கு அந்தாலதான படுத்துக் கெடந்தேன்."

"முழிச்சா கெடந்த? அப்ப ஏன்லே வாயத் தொறக்கல?"

"தொறந்தேன். நான் குடிக்கமாட்டேன் சார்னு மூணு தடவ சொன்னேன். நாக்கு குழறிட்டு. டாக்டர் என்னன்னு ஒன்னப் பாத்தாரு. பாருங்க சார், இப்பவும் போதையிலதான் கெடக்கான்னு நீ சொல்லிட்ட."

அப்படிச் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. அவன் சொன்னதும் எல்லாம் நினைவுக்கு வந்தது, திரைக்குப் பின்னால் கேட்ட முனகல், டாக்டர் என் பக்கம் திரும்பியது, என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை. ஓவென்று அழுதுவிட்டேன். அவன் பதறி எழுந்து உட்கார்ந்தான்.

"ஏக்கா, எதுக்கு அழுத? அதான் எல்லாம் சரியாப் போச்சுல்லா. இப்ப நல்லாச் சொல்லுதேன், கேட்டுக்கோ" என்றான். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, நான்தான் டாக்டர் என்பதுபோல, ஒரு எழுத்துக்கூடக் குழறாமல் சொன்னான்.

"நான் குடிக்கமாட்டேன் சார்."

நம்புதேன்லே என்று சொல்வதற்குள் எனக்குத்தான் நாக்கு குழறியது.